திரைப்படங்களில் தமிழக நீராவித் தொடர்வண்டிகள்

தமிழ்நாட்டின் இருப்புப்பாதைகளில் ஓடிய நீராவித் தொடர்வண்டிகள் தமிழ், இந்தி, ஆங்கிலத் திரைப்படங்கள் பலவற்றில் இடம்பெற்றுள்ளன. இவற்றை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். திண்டுக்கல், மதுரை, திருச்சிராப்பள்ளி, மயிலாடுதுறை போன்ற சமவெளி ஊர்களை இணைத்த மீட்டர் பாதை வண்டிகள் ஒரு வகை. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் செல்லும் நீலகிரி மலை இரயில் மற்றொரு வகை. மக்கள் அன்றாடம் பயணம் செய்தவை சமவெளி வண்டிகளே. அவற்றின் நீராவிப் பொறிகள் 20 ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் முற்றிலும் நிறுத்தப்பட்டுவிட்டன. பாதைகளும் அகலப்பாதைகளாக மாற்றப்பட்டுள்ளன. மலைப் பாதையின் பொறிகள் மட்டும் இன்றும் ஓடுகின்றன. ஆகவே, சமவெளி நீராவி வண்டிகளின் அசையும் காட்சிகளை இன்று காண்பதற்குப் பழைய திரைப்படங்கள் முக்கியமான ஆவணங்களாக உள்ளன.

பொருளடக்கம்
1. திரைப்படமும் தொடர்வண்டியும்
2. திண்டுக்கல் பகுதி இருப்புப்பாதைகள்
3. சமவெளிப் பொறிகளின் வகைகள்
4. சமவெளி வண்டிகள் இடம்பெற்ற திரைப்படங்கள்
5. நீலகிரியின் எக்ஸ் வகைப் பொறி
6. நீலகிரி மலை இரயில் இடம்பெற்ற திரைப்படங்கள்
7. படப்பிடிப்பு முறைகள்
8. காலப் பிழைகளும் இடமாற்றங்களும்
9. இன்றைய நிலை
10. இவற்றையும் பார்க்க

திரைப்படமும் தொடர்வண்டியும்

திரைப்படக் கலை தோன்றிய நாளிலிருந்தே தொடர்வண்டி அதன் கருப்பொருளாக இருந்து வருகிறது. பிரான்சின் லூமியேர் சகோதரர்கள், லா சியோத்தா நிலையத்துக்குள் நீராவி வண்டி ஒன்று நுழைவதைப் படமாக்கி 1896 ஆம் ஆண்டு சனவரியில் பொதுமக்களுக்குக் காட்டினர. அதே ஆண்டு சூலை 7 ஆம் நாள் பம்பாயின் வாட்சன் விடுதியில் நடைபெற்ற, இந்தியாவின் முதல் திரையிடலிலும் தொடர்வண்டி வருகை பற்றிய துண்டுப்படம் ஒன்று இடம்பெற்றது.

தமிழகத்தில் திரைப்படம் பரவியதற்கும் இருப்புப்பாதைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. திருச்சிராப்பள்ளியில் தென்னிந்திய இரயில்வே நிறுவனத்தில் வரைவாளராகப் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட், 1905 ஆம் ஆண்டில் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். பின்னர் வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகச் சென்று கூடாரம் அமைத்துப் படம் காட்டினார். 1914 ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான திரையரங்கைக் கட்டினார். தென்னிந்தியாவில் நடமாடும் திரையரங்கின் முன்னோடியாக இவர் கருதப்படுகிறார்.

திண்டுக்கல் பகுதி இருப்புப்பாதைகள்

தென்னிந்திய இரயில்வே நிறுவனம் 1874 ஆம் ஆண்டில் உருவானது. அடுத்த ஆண்டே, அதாவது 1875 இல், திருச்சிராப்பள்ளியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு மீட்டர் பாதை திறக்கப்பட்டது. இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே 1,000 மில்லிமீட்டர் இடைவெளி உள்ள பாதை மீட்டர் பாதை எனப்படுகிறது. இந்திய அகலப்பாதையின் இடைவெளி 1,676 மில்லிமீட்டர் ஆகும். திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இடையில் உள்ள அம்மையநாயக்கனூர் நிலையம், கோடைக்கானல் செல்லும் பயணிகள் இறங்கும் இடமானதால் பின்னர் கோடைக்கானல் ரோடு எனப் பெயர் பெற்றது.

சென்னையிலிருந்து தனுஷ்கோடி சென்று, அங்கிருந்து கப்பல் வழியாக இலங்கைப் பயணத்தைத் தொடர உதவிய போட் மெயில் வண்டியும் திண்டுக்கல் வழியாகச் சென்றது. 1928 ஆம் ஆண்டில் திண்டுக்கல்லிலிருந்து பழனி வழியாகப் பொள்ளாச்சிக்கு மற்றொரு மீட்டர் பாதை திறக்கப்பட்டது. தைப்பூசம், பங்குனி உத்திரம் போன்ற விழாக்களுக்குப் பழனி செல்லும் அடியார்களுக்கு இப்பாதை பெரிதும் பயன்பட்டது. மதுரை - போடிநாயக்கனூர் மீட்டர் பாதையும் 1928 இல் திறக்கப்பட்டதே.

இப்பகுதிக்கு அகலப்பாதை பிற்காலத்திலேயே வந்தது. கரூர் - திண்டுக்கல் அகலப்பாதை 1988 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. திருச்சிராப்பள்ளி - திண்டுக்கல் - மதுரை வழித்தடம் 1990களில் அகலப்பாதையானது. பழனி, பொள்ளாச்சி வழித்தடம் 2010களில் மாற்றி முடிக்கப்பட்டது. போடிநாயக்கனூர் பாதை 2011 ஆம் ஆண்டு சனவரியில் மூடப்பட்டு, அகலப்பாதையாக 2022 இல் தேனி வரையிலும் 2023 இல் போடிநாயக்கனூர் வரையிலும் மீண்டும் திறக்கப்பட்டது. பாதை மாறியதும் பழைய மீட்டர் பாதைப் பொறி எதுவும் அதில் ஓட இயலாது என்பதால், இவ்வழிகளில் நீராவி வண்டியை மீண்டும் ஓட்டிப் படமெடுக்கும் வாய்ப்பும் இல்லாமற் போனது.

சமவெளிப் பொறிகளின் வகைகள்

திரைப்படங்களில் காணப்படும் பொறிகளை அவற்றின் உருவத்தைக் கொண்டு ஓரளவு அடையாளம் காணலாம். இந்திய இரயில்வேயின் வகைப் பெயர்களில் முதல் எழுத்து பாதையைக் குறிக்கும். டபிள்யூ என்பது அகலப்பாதை, ஒய் என்பது மீட்டர் பாதை ஆகும். இரண்டாவது எழுத்தான பி பயணியர் வண்டிகளையும், ஜி சரக்கு வண்டிகளையும் குறிக்கும்.

* ஒய்.பி. வகை: மீட்டர் பாதைப் பயணியர் வண்டிகளுக்கான பொறி. முன்புறம் நான்கு சிறு சக்கரங்கள், நடுவில் ஆறு இயக்குசக்கரங்கள், பின்புறம் இரண்டு சிறு சக்கரங்கள் கொண்டது. 1949 முதல் 1970 வரை 871 பொறிகள் கட்டப்பட்டன. தமிழகத்தின் மீட்டர் பாதைகளில் விரைவு வண்டிகளையும் பயணியர் வண்டிகளையும் இழுத்தது பெரும்பாலும் இவ்வகையே.
* ஒய்.ஜி. வகை: மீட்டர் பாதைச் சரக்கு வண்டிகளுக்கான பொறி. எட்டு இயக்குசக்கரங்கள் கொண்டது. இந்திய இரயில்வேக்காகக் கட்டப்பட்ட கடைசி மீட்டர் பாதை நீராவிப் பொறி 1972 ஆம் ஆண்டில் சித்தரஞ்சன் ஆலையிலிருந்து வெளிவந்த ஒய்.ஜி. பொறியே ஆகும்.
* டபிள்யூ.பி. வகை: அகலப்பாதைப் பயணியர் பொறி. குண்டு போல் குவிந்த முகப்பும் அதன்மேல் வரையப்பட்ட விண்மீன் வடிவமும் இதன் அடையாளம். 1947 முதல் 1967 வரை 755 பொறிகள் கட்டப்பட்டன. சென்னை சென்ட்ரல் நிலையத்திலிருந்து புறப்படும் வண்டிகளைக் காட்டும் பழைய படங்களில் இதனைக் காணலாம்.

சமவெளி வண்டிகள் இடம்பெற்ற திரைப்படங்கள்

தமிழ்த் திரைப்படங்களில் தொடர்வண்டி பெரும்பாலும் பிரிவு, காத்திருப்பு, ஊரை விட்டுச் செல்லுதல் ஆகியவற்றைக் குறிக்கும் பொருளாக அமைந்துள்ளது. வண்டி ஊருக்குள் நின்று செல்லும் சில நிமிடங்களே கதையின் திருப்பமாக அமைவதும் உண்டு.

* பச்சை விளக்கு (1964): அ. பீம்சிங் இயக்கியது. சிவாஜி கணேசன் நீராவிப் பொறியின் ஓட்டுநராக நடித்தார். இருப்புப்பாதைத் தொழிலாளி ஒருவர் கதைத்தலைவனாக அமைந்த குறிப்பிடத்தக்க படமாகும். படத்தின் பெயரே வண்டி செல்லலாம் என்பதற்கான சைகை விளக்கிலிருந்து பெறப்பட்டது.
* நீலகிரி எக்ஸ்பிரஸ் (1968): ஜெய்சங்கர் நடித்த துப்பறியும் படம். சென்னைக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் இடையே ஓடும் சமவெளி வண்டியின் பெயர் கொண்டது. இவ்வண்டியை மலை இரயிலுடன் குழப்பிக் கொள்ளலாகாது.
* தில்லானா மோகனாம்பாள் (1968): ஏ. பி. நாகராசன் இயக்கியது. நாதசுவரக் குழுவினரும் நாட்டியக் குழுவினரும் ஒரே வண்டியில் பயணம் செய்யும் காட்சி புகழ் பெற்றது.
* 16 வயதினிலே (1977): பாரதிராஜாவின் முதல் படம். மயில் நிலையத்தில் வண்டிக்காகக் காத்திருக்கும் காட்சி கதையின் சட்டகமாக அமைந்துள்ளது.
* கிழக்கே போகும் ரயில் (1978): பாரதிராஜா இயக்கியது. சுதாகர், ராதிகா ஆகியோர் அறிமுகமாயினர். பிரிந்திருக்கும் காதலர், வண்டியின் கடைசிப் பெட்டியில் எழுதப்படும் சொற்கள் மூலம் செய்தி அனுப்புகின்றனர். தொலைபேசி இல்லாத சிற்றூருக்கு வண்டியே அஞ்சலாக அமைந்தது.
* ஒரு தலை ராகம் (1980): கல்லூரி மாணவர்கள் நாள்தோறும் வண்டியில் சென்று வரும் வழக்கமே இப்படத்தின் களமாகும். சோழ நாட்டு மீட்டர் பாதையின் அன்றாட வாழ்வைப் பதிவு செய்துள்ளது.

இப்படங்களில் வண்டி எவ்வித விளக்கமும் இன்றி வந்து போகிறது. அக்காலப் பார்வையாளர்களுக்கு நீராவி வண்டி வியப்புக்குரிய பொருளாக இருக்கவில்லை என்பதே இதற்குக் காரணம். பழம்பொருள் என்று கருதிப் படமாக்கப்படாததால், நடைமேடை, சைகைக் கம்பம், தண்ணீர்த் தொட்டி, பெட்டிகளின் மர இருக்கை ஆகியவை இயல்பான நிலையில் பதிவாகியுள்ளன.

நீலகிரியின் எக்ஸ் வகைப் பொறி

நீலகிரி மலை இரயில் பாதை 46 கி.மீ. நீளமுள்ள மீட்டர் பாதையாகும். மேட்டுப்பாளையம் - குன்னூர் பகுதி 1899 ஆம் ஆண்டிலும், உதகமண்டலம் வரையிலான பகுதி 1908 ஆம் ஆண்டிலும் திறக்கப்பட்டன. கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் தொடங்கி 2,203 மீட்டர் வரை ஏறுகிறது. வழியில் 16 குகைகளும் 208 வளைவுகளும் உள்ளன. யுனெசுக்கோ அமைப்பு 2005 ஆம் ஆண்டு சூலையில் இப்பாதையை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.

கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே ஏற்றம் ஏறத்தாழ 12 இல் 1 என்ற அளவில் உள்ளது. இவ்வளவு செங்குத்தான பாதையில் வழுவழுப்பான தண்டவாளத்தின் மீது சக்கரம் வழுக்கிவிடும். எனவே இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் கொண்ட சட்டங்கள் பதிக்கப்பட்டுள்ளன. பொறியின் அடியில் உள்ள பற்சக்கரம் இவற்றைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது. இம்முறை ஆப்டு முறை எனப்படும்.

இப்பாதைக்கான எக்ஸ் வகைப் பொறிகள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் உள்ள ஆலையில் கட்டப்பட்டவை. 1914 முதல் 1925 வரை 12 பொறிகளும், 1952 இல் 5 பொறிகளும் வந்தன. ஒவ்வொரு பொறியிலும் நான்கு உருளைகள் உள்ளன. உயரழுத்த உருளைகள் இரண்டும் சாதாரணச் சக்கரங்களை இயக்கும். பற்சட்டப் பகுதியில், அவற்றிலிருந்து வெளியேறும் நீராவி வீணாகாமல் தாழழுத்த உருளைகளுக்குச் சென்று பற்சக்கரங்களை இயக்கும். மலை ஏறும்போது பொறி வண்டியின் கீழ்ப்பக்க முனையில் இருந்து பெட்டிகளை மேல்நோக்கித் தள்ளுகிறது. இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் கீழே உருண்டோடாமல் இருப்பதற்கான பாதுகாப்பு ஏற்பாடு இது. பல படங்களில் பெட்டிகள் முன்னும் பொறி பின்னுமாக வண்டி ஏறுவதைக் காணலாம். இக்காட்சி படத்துக்காகச் செய்யப்பட்டதன்று.

நீலகிரி மலை இரயில் இடம்பெற்ற திரைப்படங்கள்

மூன்றாம் பிறை (1982)

பாலு மகேந்திரா எழுதி, ஒளிப்பதிவு செய்து, இயக்கிய இப்படத்தின் இறுதிக் காட்சி கேத்தி நிலையத்தில் படமாக்கப்பட்டது. நினைவு திரும்பிய பெண்ணாக ஸ்ரீதேவி வண்டியில் அமர்ந்திருக்க, அவர் தன்னை அடையாளம் கண்டுகொள்ளச் செய்ய முடியாமல் கமல்ஹாசன் நடைமேடையில் தவிக்கும் காட்சி இது. மழை, புகை, நகரத் தொடங்கும் வண்டி ஆகியவை காட்சியின் துயரத்தை மிகுவிக்கின்றன. நீராவி வண்டி மெதுவாகவே வேகம் பிடிக்கும். ஒருவர் கூடவே ஓடி வந்து பின்தங்கிப் போவதற்குரிய நேரம் இதனால் கிடைக்கிறது. இப்படத்துக்காகக் கமல்ஹாசன் சிறந்த நடிகருக்கான தேசிய விருதையும், பாலு மகேந்திரா சிறந்த ஒளிப்பதிவாளருக்கான தேசிய விருதையும் பெற்றனர். 1983 ஆம் ஆண்டில் இப்படம் சத்மா என்ற பெயரில் இந்தியில் மீண்டும் எடுக்கப்பட்டது.

எ பாசேச் டு இந்தியா (1984)

இ. எம். ஃபார்சுடரின் புதினத்தை ஒட்டி டேவிட் லீன் இயக்கிய ஆங்கிலப் படம். மராபார் குகைகளுக்குச் செல்லும் தொடர்வண்டிப் பயணம் நீலகிரிப் பாதையில் எடுக்கப்பட்டது. மருத்துவர் அசீசாக நடித்த விக்டர் பானர்ஜி, ஓடும் பெட்டியின் வெளிப்புறத்தைப் பற்றிக்கொண்டு தொங்கியபடி வரும் காட்சி இதில் உள்ளது. சிறந்த துணை நடிகைக்கும் சிறந்த இசைக்குமான ஆசுக்கர் விருதுகளை இப்படம் பெற்றது.

டேவிட் லீன் இதற்கு முன் இயக்கிய தி பிரிட்ச் ஆன் தி ரிவர் குவாய் (1957) படத்துக்காக, இலங்கையின் கிதுல்கலையில் களனி ஆற்றின் மீது உண்மையான பாலம் கட்டப்பட்டு, அதன்மேல் உண்மையான நீராவி வண்டி செல்லும்போது வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. முதல் முயற்சியின்போது ஒளிப்பதிவாளர் ஒருவரிடமிருந்து சைகை கிடைக்காததால் வெடி நிறுத்தப்பட்டது. ஓட்டுநர் இல்லாத வண்டி பாலத்தைக் கடந்து மின்னாக்கி ஒன்றில் மோதியது. வண்டியைச் சீர்செய்து மீண்டும் படமெடுத்தனர். ஒரே இயக்குநர் ஒரு படத்தில் நீராவிப் பொறியை அழித்தும், மற்றொன்றில் இயங்கும் பாதையை அப்படியே பயன்படுத்தியும் உள்ளது ஒப்பிடத்தக்கது.

உயிரே (1998)

மணிரத்னம் இயக்கிய தில் சே என்னும் இந்திப் படத்தின் தமிழ் வடிவம். ஏ. ஆர். ரகுமான் இசையில், ஓடும் மலை இரயிலின் கூரை மீது சாருக் கானும் மலைக்கா அரோராவும் குழுவினரும் ஆடும் பாடல் காட்சி உலகப் புகழ் பெற்றது. ஒளிப்பதிவு சந்தோஷ் சிவன், நடனம் ஃபரா கான். ஏற்றத்தில் இவ்வண்டியின் வேகம் மணிக்குச் சுமார் 10 கி.மீ. மட்டுமே என்பதாலேயே கூரை மீது ஆடும் காட்சி இயலக்கூடியதாயிற்று.

படப்பிடிப்பு முறைகள்

நீராவிப் பொறியை நினைத்தவுடன் இயக்க இயலாது. குளிர்ந்த கொதிகலனில் போதிய அழுத்தம் உண்டாகச் சில மணி நேரம் ஆகும். ஒரு காட்சியை மீண்டும் எடுக்க வேண்டுமானால் முழு வண்டியையும் பின்னோக்கிக் கொண்டுவர வேண்டும். பாதையில் வழக்கமான வண்டிகள் இல்லாத இடைவெளியில்தான் இதைச் செய்ய முடியும்.

புகையின் நிறம் ஃபயர்மேனின் கையில் உள்ளது. நன்றாக எரியும் அடுப்பிலிருந்து மெல்லிய புகையே வரும். ஒரே நேரத்தில் மிகுதியான நிலக்கரியை இட்டால் கரும்புகை எழும். சத்யஜித் ராய் பதேர் பாஞ்சாலி (1955) படத்தில், வெண்ணிற நாணல் பூக்களின் பின்னணியில் கரும்புகையுடன் வண்டி செல்ல வேண்டும் என விரும்பினார். இதற்காகப் படக்குழுவைச் சேர்ந்த ஒருவர் பொறியில் ஏறிச் சென்று உரிய இடத்தில் நிலக்கரி இடச் செய்தார். ஒரு வண்டி போதாமல், அடுத்தடுத்து வந்த வண்டிகளைக் கொண்டு அக்காட்சி முடிக்கப்பட்டது.

வெண்ணிற ஆவி வெப்பநிலையைப் பொறுத்தது. சமவெளியின் நண்பகல் வெயிலில் ஆவி உடனே கரைந்துவிடும். குளிர்ந்த மலைக்காற்றில் அது அடர்ந்த வெண்முகிலாக நெடுநேரம் நிற்கும். ஒளிப்பதிவாளர்கள் மலைப் பாதையையும் அதிகாலை வேளையையும் நாடுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

ஒலியைப் பொறுத்தவரை, இரண்டு உருளைகள் கொண்ட சாதாரணப் பொறி, சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு நான்கு முறை ஆவியை வெளியிடும். குழந்தைகள் கூறும் சிக்குபுக்கு என்னும் ஒலிக்குறிப்பு இதிலிருந்தே பிறந்தது. நீராவிப் பொறி மறைந்த பின்னும் இச்சொல் வழக்கில் நிலைத்துள்ளது.

காலப் பிழைகளும் இடமாற்றங்களும்

திரைப்படத்தை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும்போது கவனம் தேவை. டபிள்யூ.பி. பொறிகள் 1947 இலும், ஒய்.பி. பொறிகள் 1949 இலும்தான் இந்தியாவுக்கு வரத் தொடங்கின. எனவே 1930களின் விடுதலைப் போராட்டக் காட்சியில் குண்டு முகப்புப் பொறி தோன்றினால் அது காலப் பிழையாகும்.

இடமும் மாறக்கூடும். ஃபார்சுடரின் மராபார் குகைகள் பீகாரில் உள்ள பராபார் குகைகளை ஒட்டிப் புனையப்பட்டவை. படத்தில் குகைப் பகுதிகள் பெங்களூருக்கு அருகிலும், வண்டிப் பயணம் நீலகிரியிலும் எடுக்கப்பட்டன. பீகார்ச் சமவெளியின் கிளைப்பாதையில் பற்சக்கரப் பொறி ஓடியதில்லை. இவ்வாறே, சமவெளி நீராவிப் பொறிகள் இல்லாத நிலையில் எடுக்கப்படும் படங்கள் மலை இரயிலை எல்லா ஊர்களுக்கும் பொதுவான பழைய வண்டியாகக் காட்டக்கூடும். இதனால் திண்டுக்கல்லிலோ மதுரையிலோ ஓடிய வண்டியும் இதே உருவத்தில் இருந்தது என்ற தவறான எண்ணம் இளையோரிடம் ஏற்பட வாய்ப்புண்டு. எக்ஸ் வகைப் பொறி தண்ணீரையும் எரிபொருளையும் தன் உடலிலேயே சுமந்து செல்லும் குறுகிய பொறியாகும். ஒய்.பி. பொறிக்குப் பின்னால் நிலக்கரியும் தண்ணீரும் ஏற்றிய தனி வண்டி இணைக்கப்பட்டிருக்கும். இவ்வேறுபாட்டைக் கொண்டு இரண்டையும் எளிதில் பிரித்தறியலாம்.

இன்றைய நிலை

இந்திய அகலப்பாதையில் வழக்கமான நீராவிச் சேவை 1995 ஆம் ஆண்டு திசம்பரில் முடிவுக்கு வந்தது. மீட்டர் பாதையிலும் அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் முடிந்தது. வட இந்தியாவில் அரியானாவின் ரேவாரி பணிமனையில் இயங்கும் நிலையில் பேணப்படும் பொறிகள் திரைப்படங்களுக்குப் பயன்படுகின்றன. 1965 ஆம் ஆண்டில் சித்தரஞ்சன் ஆலையில் கட்டப்பட்ட அக்பர் என்னும் டபிள்யூ.பி. பொறி அவற்றுள் ஒன்று.

தமிழகத்தில் மேட்டுப்பாளையம் - குன்னூர் பகுதியில் எக்ஸ் வகைப் பொறிகள் தொடர்ந்து இயங்குகின்றன. குன்னூருக்கு மேல் வழக்கமான வண்டிகளை டீசல் பொறிகள் இழுக்கின்றன. பழைய சுவிசுப் பொறிகளில் சில எண்ணெயால் இயங்குமாறு மாற்றப்பட்டன. திருச்சிராப்பள்ளி பொன்மலைப் பணிமனை 2011 முதல் 2014 வரை எண்ணெயால் இயங்கும் நான்கு புதிய எக்ஸ் வகைப் பொறிகளைக் கட்டியது. 2021 ஆம் ஆண்டில் நிலக்கரியால் இயங்கும் புதிய பொறி ஒன்றையும் கட்டி முடித்தது. வெளிநாட்டில் மட்டுமே கட்டப்பட்டு வந்த ஒரு வகைப் பொறி இவ்வாறு உள்நாட்டுத் தொழிலாளர்களால் மீண்டும் உருவாக்கப்பட்டது குறிப்பிடத்தக்கது.

சென்னைப் பெரம்பூரில் 2002 இல் திறக்கப்பட்ட இரயில் அருங்காட்சியகத்திலும், திருச்சிராப்பள்ளியில் 2014 இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்திலும் பழைய பொறிகள் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. அவை அசைவதில்லை. அவற்றின் ஓட்டமும் ஒலியும், அவற்றை நம்பி வாழ்ந்த சிறு நிலையங்களின் தோற்றமும் பழைய படச்சுருள்களில்தான் எஞ்சியுள்ளன. ஆகவே, பழைய தமிழ்த் திரைப்படங்களின் மூலச் சுருள்களைப் பேணுவது திரைப்பட வரலாற்றுக்கு மட்டுமன்றி, இருப்புப்பாதை வரலாற்றுக்கும் தேவையான பணியாகும்.

இவற்றையும் பார்க்க

* நீலகிரி மலை இரயில் பாதை
* திண்டுக்கல் சந்திப்பு
* தென்னிந்திய இரயில்வே நிறுவனம்
* சாமிக்கண்ணு வின்சென்ட்
* பொன்மலை இரயில்வே பணிமனை
* தமிழ்த் திரைப்பட வரலாறு